பதினேழாவது திருப்பம்: ஒரு ஜெட் ஸ்பிரிண்ட் விபத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்தின் வட தீவில் நடந்த கோடைக்காலப் போட்டி ஒன்றில் எங்கள் குழுவின் படகு மூன்றாம் சுற்றில் தடத்தை விட்டுக் கரையேறி உருண்டது. படகில் இருந்தவர்கள் அப்பாவும் மகளும். இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள். விபத்துக்கு முதலில் நாங்கள் சொன்ன காரணம் தவறு. அந்தத் தவறான காரணத்தை அன்று காலையிலேயே கண்டுபிடித்து, கையில் பிடித்துப் பார்த்து, நம்பியும் விட்டோம். அதில் என் பங்கு பெரியது. படகின் ஜெட் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது.

இதை எழுத அப்பா, மகள் இருவரும் சம்மதித்தார்கள். பெயர்களையும் போட்டி நடந்த இடத்தையும் விட்டுவிடுகிறேன்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

ஜெட் ஸ்பிரிண்ட் பார்த்திராதவர்களுக்காக இந்தப் பகுதி. வயல்வெளியில் வாய்க்கால்களைப் பின்னல் போல வெட்டி, நடுவில் சின்னச் சின்ன மண்திட்டுகளை விட்டு வைத்தால் எப்படி இருக்கும்? தடம் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில் நிற்கும். வாய்க்காலின் அகலம் பல இடங்களில் நான்கைந்து மீட்டர்தான். அதற்குள் ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு ஓட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே படகு. எதிரில் இருப்பது கடிகாரம் மட்டும். இருபத்தைந்து முப்பது திருப்பங்களை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். மேல்வகுப்புப் படகுகளில் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டும் எஞ்சின்கள் உண்டு. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை இரண்டரை நொடிக்குள் தொடும். எங்களுடையது அதைவிடச் சிறிய வகுப்பு. ஆனால் கரை ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

வாய்க்கால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் ஒரே சந்திப்பை ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறை கடக்க நேரும். முதல் முறை வலப்பக்கம் போன இடத்தில் அடுத்த முறை இடப்பக்கம் போக வேண்டியிருக்கும். எந்த வரிசையில் போவது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். வரைபடம் முன்கூட்டியே கைக்கு வரும், அதை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு திருப்பம் மாறிப் போனாலும் அந்தச் சுற்று கணக்கில் வராது. அதனால்தான் படகில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். பக்கத்தில் இருப்பவர் வழிகாட்டி, இங்கே நேவிகேட்டர் என்பார்கள். எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. வழிகாட்டி கையை நீட்டி இடம், வலம் காட்டுவார். ஓட்டுநர் கண்ணின் ஓரத்தில் அந்தக் கையைப் பார்த்துத் திருப்புவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இந்த நிகழ்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இந்தப் படகுக்குச் சுக்கானும் கிடையாது, வெளியே சுழலும் விசிறியும் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள திறப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இம்பெல்லர் என்னும் சுழலும் சக்கரத்தால் அழுத்தம் ஏற்றி, பின்பக்கக் குழாய் முனை வழியாகப் பீய்ச்சியடிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்த முனை திரும்பும், நீரின் பீய்ச்சல் திரும்பும், படகும் திரும்பும். நியூசிலாந்தின் தென் தீவில் ஐரிஷ்மேன் கிரீக் பண்ணையில் பில் ஹாமில்டன் 1950களில் இந்த முறையைச் செம்மைப்படுத்தியதே, கல்லும் மணலும் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளில் போவதற்காகத்தான். 1960இல் அவருடைய ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சல் போட்டு மேலேறின. சாதாரண விசிறிப் படகு தட்டி நொறுங்கும் இடங்களில் இது வழுக்கிக்கொண்டு போகும்.

அதற்கு ஒரு விலை உண்டு. பீய்ச்சல் இருந்தால்தான் திருப்பம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பீய்ச்சல் நின்றுவிடும், ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு நேராகவே போகும். காரோ பைக்கோ ஓட்டிப் பழகிய நமக்குப் பயம் வந்தால் கால் தானாக மேலே வரும். இங்கே அந்த அனிச்சைச் செயல்தான் ஆளைக் கரையில் ஏற்றும். புதிதாகப் பழகுபவருக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்: சந்தேகம் வந்தால் மிதி.

குழுவும், ஒரு மாற்றமும்

ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர், பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறார். அதில் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. முந்தைய குளிர்காலத்தில் மைத்துனருக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கையை நீட்டி வைத்திருப்பதே வழிகாட்டியின் வேலை என்பதால், அந்த சீசனுக்கு அவரால் வர முடியாது என்று ஆகிவிட்டது.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. திருப்பத்தில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கைத் தொடும். மூன்றரை கிலோ எடையுள்ள கை அந்த நேரத்தில் பதினேழு கிலோ போல இழுக்கும். அந்த இழுப்பிலும் கையைச் சரியான இடத்தில் பிடித்து, மனத்தில் வரிசையை எண்ணி, அடுத்த திருப்பத்துக்குக் கையை மாற்ற வேண்டும். வழிகாட்டியைப் பயணி என்று நினைப்பவர்கள் ஒரு சுற்று உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மைத்துனரின் இடத்துக்கு ஓட்டுநரின் மகள் வந்தாள். வயது இருபது. சின்ன வயதிலிருந்து போட்டிக்களத்திலேயே வளர்ந்தவள். வரைபடத்தை அவளைப் போல மனப்பாடம் செய்பவர் எங்கள் குழுவில் யாரும் இல்லை, மைத்துனர் உட்பட. போட்டிக்கு முன் இரண்டு பயிற்சி நாட்களில் அப்பாவுடன் ஓடினாள். இரண்டும் திறந்த ஏரியில். படகின் போக்கைப் பழக அது போதும். தடத்தைப் பழக அது உதவாது என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அவள் மாமாவிடம் சைகைகளைக் கற்றுக்கொண்டாள். இடம் எப்படி, வலம் எப்படி, நேர் எப்படி, இறுதிக் கோட்டுக்கு என்ன. எல்லாம் சரியாகவே இருந்தன. எப்போது காட்டுவது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதுவும் கற்றுத்தர வேண்டிய ஒன்று என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

காலை: முதல் இரண்டு சுற்றுகள்

முந்தைய நாள் மாலை அப்பாவும் மகளும் தடத்தின் கரையோரமாக மூன்று முறை நடந்தார்கள். காலையில் மறுபடி ஒரு முறை. நானும் கூட நடந்தேன். பதினேழாவது திருப்பத்தைப் பற்றி அப்போதே பேசினோம். அந்தத் தடத்திலேயே நீளமான நேர்ப்பாதை பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில்தான் இருந்தது, ஆகவே அதிக வேகமும் அங்கேதான். நேர்ப்பாதையின் முடிவில் ஒரு சந்திப்பு. அதே சந்திப்பை ஐந்தாவது திருப்பத்தில் வலப்பக்கமாகக் கடப்பார்கள், பதினேழில் இடப்பக்கம். நேராகப் போனால் எதிரே ஒரு மண்திட்டு.

முதல் சுற்று பத்திரமாக முடிந்தது. ஓட்டுநர் வேண்டுமென்றே அடக்கி ஓட்டினார். முதல் சுற்றில் தடத்தை உணர்ந்துகொள்வது அவருடைய வழக்கம்.

இரண்டாம் சுற்றில் வேகம் கூடியது. நேர்ப்பாதையின் முடிவில் படகு ஒரு கணம் தயங்கியது போலக் கரையிலிருந்த எனக்குத் தெரிந்தது. எஞ்சின் சத்தம் திடீரென மேலே போய் இறங்கியது. படகு அகலமாகத் திரும்பி, எதிரே இருந்த திட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு தப்பியது. முடித்து வந்த ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை: “அங்கே ஜெட் பிடி விட்டுவிட்டது. மிதித்தேன், எஞ்சின் கத்தியதே தவிர படகு தள்ளவில்லை.”

கம்பியில் சிக்கிய புல்

எஞ்சின் கத்துகிறது, ஆனால் தள்ளு இல்லை என்றால் ஜெட் படகுக்காரர்கள் முதலில் பார்ப்பது அடியில் உள்ள தடுப்புக் கம்பிகளை. உறிஞ்சும் திறப்பில் கல் போகாமல் இருக்க வரிசையாகக் கம்பிகள் இருக்கும். அதில் புல்லோ பாசியோ அடைத்தால் இம்பெல்லருக்குப் போதிய தண்ணீர் கிடைக்காது. காற்றும் நீருமாகக் கலந்து சுழலும், எஞ்சின் சுமை இல்லாமல் மேலே பறக்கும். எங்கள் தடமோ புல்வெளியில் வெட்டியது. ஒவ்வொரு படகும் கரையை அலையால் அறுத்துக்கொண்டே போகும், புல் மிதந்துகொண்டே இருக்கும்.

மேல்மூடியைத் திறந்து கையை விட்டேன். கைப்பிடியளவு புல் வந்தது.

அதை ஓட்டுநரிடம் காட்டினேன். அவர் தலையசைத்தார். மகள் நிம்மதியாகச் சிரித்தாள். அடுத்த சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருந்தது. கம்பிகளைச் சுத்தம் செய்தேன், இம்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தேன், மூடியைப் பூட்டினேன்.

படகில் ஒரு பதிவுக் கருவி உண்டு. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதெல்லாம் நொடிக்குப் பல முறை அதில் பதிவாகும். அதைப் பார்க்க மடிக்கணினியை வண்டியிலிருந்து எடுத்து வர வேண்டும், பத்து நிமிட வேலை. நான் எடுத்து வரவில்லை. காரணம் கையிலேயே இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன்.

இந்த முடிவைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். புல் இருந்தது உண்மை. புல் அடைத்தால் அந்த அறிகுறி வரும் என்பதும் உண்மை. ஆனால் அன்று ஓடிய எந்தப் படகைத் திறந்திருந்தாலும் அதே அளவு புல் இருந்திருக்கும். எங்கள் முதல் சுற்றுக்குப் பிறகு திறந்து பார்த்திருந்தாலும் இருந்திருக்கும். அப்போது படகில் ஒரு குறையும் தெரியவில்லை. புல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இந்த அளவு புல் இவ்வளவு பெரிய தயக்கத்தைத் தருமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. எஞ்சின் கத்துவதற்கு முன்பு ஓட்டுநரின் கால் எங்கே இருந்தது என்றும் கேட்கவில்லை.

மூன்றாம் சுற்று

படகு சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஓட்டுநர் கிளம்பினார். முதல் பதினாறு திருப்பங்கள் அன்றைய நாளின் மிக நல்ல ஓட்டம். அடுத்தடுத்து வரும் திருப்பங்களில் மகளின் கை இடம் வலமாக மாறிக்கொண்டே இருந்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லை.

நேர்ப்பாதையின் முடிவில் மறுபடி அதே தயக்கம். இந்த முறை வேகம் அதிகம். எஞ்சின் சத்தம் ஒரு கணம் அறுந்து மீண்டும் உச்சத்துக்குப் போனது. ஸ்டீயரிங் இடப்பக்கம் முழுவதும் திரும்பியிருந்ததை மேலிருந்த கேமரா பதிவு பின்னர் காட்டியது. படகு திரும்பவில்லை. மூக்கு எதிரே இருந்த திட்டின் சரிவில் ஏறியது. படகு காற்றில் எழும்பி, புல்மேட்டில் பக்கவாட்டில் விழுந்து, ஒரு முறை முழுதாக உருண்டு நேராக நின்றது.

கரையில்

மீட்புக் குழு சில நொடிகளில் அங்கே இருந்தது. இந்தப் படகுகள் பல மெத்தனாலில் ஓடுகின்றன, எங்களுடையதும்தான். மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. அதனால் தீ தெரியவில்லை என்பதை வைத்து யாரும் கிட்டப் போவதில்லை. முதலில் வந்தவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு, வெப்பத்தால் காற்று நெளிகிறதா என்று பார்த்தபடியே நெருங்கினார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். எரிபொருள் கசிவு இல்லை.

இருவரும் இரும்புக் கூண்டுக்குள் பெல்ட்டில் கட்டியபடி இருந்தார்கள். கைகள் வெளியே வீசப்படாமல் இருக்கக் கட்டும் கைப்பட்டைகள் தம் வேலையைச் செய்திருந்தன. மகளுக்கு இடது மணிக்கட்டில் சுளுக்கு, தோள் எலும்பின் மேல் பெல்ட் அழுத்திய கன்றல். அப்பாவுக்கு முழங்காலில் காயம். மகளின் ஹெல்மெட்டில் கூண்டுக் கம்பி உரசிய தடம் இருந்தது.

படகைத் தூக்க கிரேன் வருவதற்குள், அடிப்பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்டேன். அன்று நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். படுத்து எட்டிப் பார்த்தேன். ஒரு கம்பி வளைந்திருந்தது. புல் இல்லை, ஒன்றிரண்டு இழைகளைத் தவிர.

உருண்டபோது புல் உதிர்ந்திருக்கலாமே என்று உடனே மனம் சொன்னது. தன் முதல் முடிவை மனம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஆனால் அப்போதிலிருந்து எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

பிற்பகல் எடுத்த முடிவு

படகின் மூக்கு மடங்கியிருந்தது, அடித்தளத்தில் பெரிய சேதம் இல்லை. மெதுவான படகுகளைக் கழித்துக்கொண்டே போகும் வெளியேற்றச் சுற்றுகள் தொடங்க மூன்று மணி நேரம் இருந்தது. முதல் இரண்டு சுற்றுகளின் நேரத்தை வைத்தே தகுதி கிடைத்திருக்கும். தட்டி நிமிர்த்தி ஓடிவிடலாம் என்று பக்கத்துக் குழுக்கள் வந்து நின்றன. வெல்டிங் கருவியோடு ஒருவர் வந்தார். இந்த விளையாட்டில் அப்படித்தான், போட்டியாளரே ஸ்பானரைக் கொண்டு வந்து கொடுப்பார். அந்த அன்பை மறுப்பது எளிதாக இல்லை.

விலகிக்கொள்வதென்று ஓட்டுநர் முடிவு செய்தார். மூன்று காரணங்கள் சொன்னார். தலையில் அடிபட்டதன் அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்று மருத்துவ உதவியாளர் சொல்லியிருந்தார், மகளை மறுபடி உட்கார வைக்க அவர் தயாராக இல்லை. அடி வாங்கிய ஹெல்மெட்டையும், பெரிய இழுப்பைத் தாங்கிய பெல்ட்டையும் மறுபடி நம்பக் கூடாது, மாற்றுவதற்கு எங்களிடம் வேறு இல்லை. மூன்றாவதாக அவர் சொன்னது: “ஏன் நடந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. புரியாமல் அதே திருப்பத்துக்கு மறுபடி போக மாட்டேன்.”

மகளுக்கு அழுகை வந்தது. தான் சொதப்பிவிட்டதாக நினைத்தாள். புல்தான் காரணம் என்று அவளைச் சமாதானப்படுத்தினோம். அது உண்மையில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பதிவுகள் சொன்னது

மூன்று நாள் கழித்து, ஓட்டுநர் வீட்டுக் கொட்டகையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். அப்பா, மகள், தோளில் கட்டுடன் மைத்துனர், நான். பதிவுக் கருவியின் கோடுகளையும் கேமரா காட்சியையும் நேரம் பொருத்தி ஓட்டினோம்.

புல் அடைத்திருந்தால் என்ன நடந்திருக்க வேண்டும்? ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்தபடியே இருக்க, எஞ்சின் சுழற்சி மட்டும் மேலே ஏறியிருக்க வேண்டும். பதிவில் இருந்தது வேறு. முதலில் ஆக்சிலேட்டர் மூடியது, கிட்டத்தட்ட முழுமையாக. அதன் பிறகு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மீண்டும் அடி வரை அழுத்தப்பட்டது. எஞ்சின் கத்தியது அதற்கும் பின்னால்தான். கால் எடுத்ததும் படகு வேகம் குறைந்து தாழ்ந்தது, அதன் சொந்த அலையே பின்னாலிருந்து வந்து அதைப் பிடித்தது. நுரையும் காற்றுமாகக் கலந்த அந்த நீரில் இம்பெல்லர் பிடிப்பில்லாமல் சுழன்றது. ஓட்டுநர் உணர்ந்ததும் உண்மை, நான் கேட்டதும் உண்மை. ஆனால் இரண்டும் விளைவுகள். இரண்டாம் சுற்றின் பதிவிலும் அதே வரிசை, சிறிய அளவில் இருந்தது. பத்து நிமிடம் செலவழித்திருந்தால் அன்று காலையிலேயே அதைப் பார்த்திருப்பேன்.

ஓட்டுநர் வெகுநேரம் பேசவில்லை. காலை எடுத்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர், புதியவர்களுக்குக் காலை எடுக்காதே என்று கற்றுத் தருபவர். நினைவில்லை என்று அவர் சொன்னதை நான் முழுதாக நம்புகிறேன். அனிச்சைச் செயல் நினைவில் நிற்பதில்லை.

அப்படியானால் ஏன் எடுத்தார்? அதை மைத்துனர்தான் கண்டுபிடித்தார். காட்சியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஓட்டச் சொல்லி, மறுபடி பார்த்தார். “நேர்ப்பாதையில் கை எங்கே?” என்று கேட்டார்.

கை மகளின் மடியில் இருந்தது.

அவளுடைய கணக்கில் நேர்ப்பாதையும் ஒரு தனி உருப்படி. பதினாறு வலம், பிறகு நேர், பிறகு பதினேழு இடம். நேர்ப்பாதையில் கையைக் கீழே வைத்து இளைப்பாறி, திருப்பம் நெருங்கும்போது இடப்பக்கம் காட்டினாள். தர்க்கப்படி அதில் ஒரு குறையும் இல்லை. மைத்துனரின் வழக்கம் வேறு. ஒரு திருப்பத்திலிருந்து படகு வெளியேறும்போதே அடுத்த திருப்பத்துக்கான கை போய்விடும், எவ்வளவு நீளமான நேர்ப்பாதையானாலும் அங்கேயே நிற்கும். ஒன்பது ஆண்டுகளாக ஓட்டுநரின் கண் அதற்கே பழகியிருந்தது. நேர்ப்பாதையில் கை இல்லை என்றால் அவருடைய உடலுக்கு அதற்கு ஒரே பொருள்தான்: வழிகாட்டி வழியைத் தொலைத்துவிட்டார்.

அடுத்தடுத்து திருப்பங்கள் வரும் இடத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு திருப்பத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றாகவே இருக்கும். நேர்ப்பாதையில் மட்டும்தான் தெரியும். அந்தத் தடத்தில் நீளமான நேர்ப்பாதை ஒன்றே ஒன்று, அது பதினேழுக்கு முன்னால் இருந்தது. முதல் சுற்றில் மெதுவாகப் போனதால் கை வரும் வரை காத்திருக்க நேரம் இருந்தது. மற்ற இரண்டிலும் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில், நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் படகு ஒன்பது மீட்டர் போய்விடும். அதாவது தன் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு சின்ன விஷயமும் தெரிந்தது. மகள் மாமாவைவிட ஒரு சாண் உயரம் குறைவு. இருக்கையை நாங்கள் மாற்றவில்லை. கழுத்தைப் பாதுகாக்கும் பிடிப்புக் கருவி இருப்பதால் ஓட்டுநரால் தலையைத் திருப்பியோ குனிந்தோ பார்க்க முடியாது, கைதான் அவர் பார்வைக்குள் வர வேண்டும். மாமாவின் கை அவர் கண்மட்டத்தில் வரும். மகளின் கை அதற்குக் கீழே, பலகையின் விளிம்பு உயரத்தில் வந்தது. தாமதமாக வந்த கை, தாமதமாகக் கண்ணிலும் பட்டது.

மகள் அப்போது சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்: “மாமா எப்போது கை காட்டுவார் என்று என்னிடம் யாருமே சொல்லவில்லையே அப்பா.” மைத்துனர் அதற்கு, “எனக்கே தெரியாதும்மா, இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார்.

மாற்றியவை

யாருடைய வழக்கத்துக்கு யார் மாறுவது என்பதுதான் முதல் கேள்வி. அப்பா தன் கண்ணை மகளின் முறைக்குப் பழக்கிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒன்பது ஆண்டுப் பழக்கம் சாதாரண நேரத்தில் மாறினாலும் நெருக்கடியில் திரும்பி வரும், அந்த நொடியில்தான் அது நமக்குத் தேவையில்லை. மகள் மாமாவின் முறைக்கு மாறினாள். அது வேறொரு காரணத்தாலும் சரி என்று நினைக்கிறேன். நேர்ப்பாதை முழுவதும் கை நின்றால், வழிகாட்டிக்கு வழி தெரிகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அது அவருடைய காலை மிதியிலேயே வைத்திருக்கும்.

மகளுக்கு வழி மறந்துபோனால் என்ன செய்வது என்றும் முதல்முறையாகப் பேசி வைத்தோம். மூடிய முட்டியை நெஞ்சுக்கு நேரே வைத்தால் ‘தெரியவில்லை’ என்று பொருள். அதைக் கண்டால் ஓட்டுநர் தன் நினைவில் இருக்கும் பக்கம் திரும்புவார், தவறான பக்கமானாலும் பரவாயில்லை. சுற்று கணக்கில் வராமல் போகட்டும், படகு வாய்க்காலுக்குள் இருக்கும்.

இருக்கையை ஆறு சென்டிமீட்டர் உயர்த்தினோம். கைப்பட்டையின் நீளத்தை அவளுடைய கைக்கு ஏற்ப அளந்து வைத்தோம். ஹெல்மெட், பெல்ட்டுகள் புதியவை.

ஏரியில் பயிற்சி போதாது என்பதால் வீட்டிலேயே ஒரு ஏற்பாடு. பழைய போட்டிகளின் கேமரா காட்சியைச் சுவரில் ஓட விட்டு, இரண்டு நாற்காலிகளில் இருவரும் உட்காருவார்கள். மகள் கை காட்டுவாள், அப்பா ஒரு பழைய ஸ்டீயரிங்கைத் திருப்புவார். மைத்துனர் பின்னால் நின்று, கை தாமதமானால் தரையைத் தட்டுவார். முதல் வாரம் நிறையத் தட்டல். பிறகு குறைந்தது.

என் பக்கம் ஒரே ஒரு மாற்றம். மடிக்கணினி இப்போது படகுத் தளத்தின் பக்கத்திலேயே மேசையில் திறந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மூடியைத் திறப்பதற்கு முன் பதிவைப் பார்க்கிறேன். முதலில் பதிவு, பிறகு புல். வரிசை முக்கியம், ஏனென்றால் புல் எப்போதும் இருக்கும்.

பிறகு

அடுத்த போட்டியைத் தவறவிட்டோம், மகளின் மணிக்கட்டு குணமாகவில்லை. அதற்கடுத்த போட்டியில் ஓடினார்கள். தடத்தில் இரண்டு நேர்ப்பாதைகள் இருந்தன. இரண்டிலும் கை முழு நேரமும் நின்றது, ஆக்சிலேட்டர் கோடு எங்கும் சரியவில்லை. வெளியேற்றச் சுற்றின் இரண்டாம் கட்டம் வரை போனார்கள், அதற்கு மேல் எங்கள் எஞ்சினுக்குப் பலம் போதவில்லை.

மூன்றாவது போட்டியில் ஒரு முறை முட்டி நெஞ்சுக்கு வந்தது. ஒன்பதாவது திருப்பத்தில் அவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அப்பா வலப்பக்கம் திரும்பினார், போக வேண்டியது இடப்பக்கம். சுற்று கணக்கில் வரவில்லை. படகில் ஒரு கீறலும் இல்லை. பதிவில் அவருடைய கால் மிதியை விட்டு எழவே இல்லை.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. மைத்துனரின் தோள் குணமாகிவிட்டது, அவர் திரும்பி வர ஆசைப்படுகிறார், மகள் இடத்தை விடத் தயாராக இல்லை. யார் உட்கார்ந்தாலும் முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, கை எப்போது எழ வேண்டும், எப்போது மாற வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மகள் இரண்டு பக்கங்களில் எழுதி, படம் வரைந்து, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மைத்துனர் அதைப் படித்துவிட்டு இரண்டு இடங்களில் திருத்தம் எழுதினார். ஒரு திருத்தத்தை மகள் ஏற்றுக்கொண்டாள். மற்றதைப் பற்றி, அடுத்த பயிற்சி நாளில் பதிவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வைத்திருக்கிறோம்.